தோட்டத்துக் குழுவில் நான் போட்ட இணைப்பு

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் என் பழைய கடன் விவரங்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடலாம் என்று கைப்பேசியில் தேடினேன். ‘இலவசம்’ என்று முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். யார் நடத்துவது என்று பார்க்கவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஈப்போ, செமோர், பத்து காஜா என்று மலேசியாவில் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டாலும் வாட்சப் குழுவில் ஒன்றாகத்தான் இருக்கிறோம். இலவசமாக எது கிடைத்தாலும் உடனே அதில் போட்டுவிடுவோம். நானும் அந்த இணைப்பைப் போட்டுவிட்டுத்தான் என் விவரங்களை நிரப்ப உட்கார்ந்தேன்.

அடையாள அட்டையின் படத்தைக் கேட்டது, கொடுத்தேன். அடுத்து வங்கிக் கணக்கின் பாஸ்வர்ட். ரிப்போர்ட் பார்க்க இது எதற்கு? பக்கத்தை மூடினேன், குழுவில் போட்டதை அழித்தேன், வங்கிக்கும் சொன்னேன்.

தப்பித்தேன் என்று மூச்சுவிடும்போது செமோரிலிருந்து லெட்சுமி அக்கா அழைத்தார். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீடு.

“பாஸ்வர்ட், போன்ல வந்த நம்பர் எல்லாம் கொடுத்துட்டேன்மா. இப்ப அக்கவுண்ட்ல ஒண்ணுமே இல்ல.”

“ஏன்க்கா கொடுத்தீங்க?”

“நீ அனுப்புனது லா. அப்புறம் என்னத்த யோசிக்கிறது?”

போலீசுக்கு நானே கூட்டிப்போனேன். பணம் இன்னும் வரவில்லை. என் அட்டையின் படம் யார் கையில் இருக்கிறதோ, அதுவும் தெரியாது.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் வேண்டுமென்றால் அதைத் தரும் அலுவலகத்துக்கே நேரில் போகிறேன். குழுவில் எந்த இணைப்பும் போடுவதில்லை. அக்கா மட்டும் தினமும் அதில் காலை வணக்கம் போடுகிறார். எனக்குத்தான் பதில் போடக் கை வரவில்லை.