பூட்ஸ் தெரியப் பிடித்த படம்

ராஜபாளையத்தில் கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். கம்ப்யூட்டரிடம் எனக்குப் பொறுமை உண்டு. மனிதர்களிடம் கிடையாது. அக்காவிடம் சுத்தமாகக் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "ஏலே, இடது கண்ணு இனி தேறாதாம். நரம்பு போயிட்டு, கொஞ்ச கொஞ்சமா மங்கிரும்னு மதுரை டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள அவிய கேமராப் படத்த ஒருக்க ஒழுங்காப் பாத்துரணும்லே."

அவிய என்றால் மச்சான். அவள் வீட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். ஒரு லீவில் இரண்டு லென்ஸ் வைத்த கேமரா ஒன்றோடு வந்து இறங்கினார். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம். அதற்கென்று உள்ள டிவியில் பார்த்தால் ஆள் எதிரில் வந்து நிற்பது போலிருக்கும் என்றார். டிவியை அடுத்த லீவில் வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர், பனிச்சரிவில் சிக்கி, பெட்டிக்குள் படுத்தபடி வந்தார்.

அக்கா இத்தனை காலமும் அந்தப் படங்களைச் சாதா டிவியில்தான் பார்த்தாள். ஒரு கண்ணின் படம் மட்டும் தட்டையாக ஓடும். இன்னொன்று ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு கண்ணும் வேண்டும். அவளுக்கு அது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்.

இரண்டு படத்தையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, இணையத்தில் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. பட்டன், படம் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை நாமே வரி வரியாக எழுத வேண்டும். புள்ளி ஒன்று விட்டுப் போனாலும் திரை கறுப்புதான். இப்படி ஒரு சாமானைச் செய்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். செல்போனைச் சொருகி இரண்டு கண்ணாலும் பார்க்கிற பெட்டி ஒன்றை வாங்கினேன். ஒருவழியாக அய்யனார் கோவில் ஓடையில் மச்சான் எடுத்த படம் அதில் ஓடியது. ஆனால் தூரத்துப் பாறைகள் முன்னால் வந்து நின்றன, பக்கத்துத் தண்ணீர் பின்னால் போய்விட்டது. இடதும் வலதும் மாறியிருந்தது. வரியை மாற்றியதும் ஓடை ஓடையானது. அடேயப்பா! அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். எல்லாம் அவர் எடுத்தவை. ஒன்றில்கூட அவர் இல்லை.

கடைசி ஃபைலில் இருந்தார். லீவு முடிந்து கிளம்பும்போது, யூனிஃபார்மோடு வாசலில் நிற்கிறார். எடுத்தது அக்கா. மகராசி செல்போன் மாதிரி கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்திருந்தாள். படத்தில் அவர் குறுக்கே கிடந்தார். நிமிர்த்தினால் ஒரு கண்ணின் படம் மேலே, இன்னொன்று கீழே. எந்தக் கண்ணும் அதைச் சேர்த்துப் பார்க்காது. எத்தனையோ வரி எழுதிப் பார்த்தேன். லென்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்து எடுத்ததை எந்த வரியும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவராது.

வேறு வழியில்லாமல், படத்தை நிமிர்த்தாமலே செல்போனில் ஏற்றி, அந்தப் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா பெட்டியைக் கண்ணில் வைத்தாள். அடுத்த நொடியே எடுத்துவிட்டாள்.

"படுத்துல்லா கெடக்காவ."

"நீ பிடிச்ச லட்சணம் அப்படி" என்று எரிந்து விழுந்தேன்.

"கடைசியா அவியளப் படுத்த மேனிக்கித்தாம்லே பாத்தேன். இதுலயும் அப்படியா? நிக்க வைலே."

அவளைத் திட்டின வாயை அப்போதே அடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சேராது என்று தெரிந்தும் நிமிர்த்திய படத்தைப் போட்டுக் கொடுத்தேன். செத்த நேரம் பார்த்தவள் கண்ணைக் கசக்கினாள். "ரெண்டு ரெண்டாத் தெரியுது. தல வலிக்கி."

போனை வாங்கிக் கையில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கேமரா சாய்ந்திருந்தது என்றால் பார்க்கிறவளும் சாய்ந்துகொள்ள வேண்டியதுதானே! நிமிர்த்தாத பழைய படத்தையே மறுபடி போட்டேன்.

"அக்கா, ஒருக்களிச்சுப் படு."

"பைத்தியமாலே ஒனக்கு?"

"படுன்னா படேன்."

தலையணையை இழுத்துப் போட்டுப் படுத்தாள். பெட்டியைக் கண்ணோடு வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவளும் பெட்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"நிக்காவ" என்றாள்.

போனிலிருந்து மச்சானின் குரல் கேட்டது. "ஏட்டி, குறுக்கால பிடி. செல்போனா அது?"

அதில் அக்காவின் பழைய குரல் சிரித்தது. "அப்படிப் பிடிச்சா பூட்ஸ் தெரியாதுல்லா. சும்மா நில்லுங்க."

படம் முடிந்தது. திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் அவர், "ஏட்டி, குறுக்கால பிடி" என்றார். இந்த முறை பழைய குரலுக்கு முந்திக்கொண்டு, கன்னம் தலையணையில் அழுந்தக் கிடந்த அக்காவே பதில் சொன்னாள்.

"பூட்ஸும் தெரியுது. எல்லாம் தெரியுது. செத்த நேரம் நில்லுங்க."