துணியில் இல்லாத கறை

பனியன் கம்பெனியில் எனக்குப் பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். ஒருநாள் காலை, வெள்ளைப் பீஸ்களில் கறுப்புப் புள்ளியாகவே வந்துகொண்டிருந்தது. ஒட்டி ஒட்டி ஒதுக்கினேன். சூப்பர்வைசர் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எங்கீங்க கறை?" என்றார். துணியைக் கீழே வைத்த பிறகும் புள்ளி என் பார்வையோடு கூடவே நகர்ந்தது.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவள் நான். அப்படிப்பட்டவர்களுக்கு விழித்திரை கிழிய வாய்ப்பு அதிகம் என்றார் கண் டாக்டரம்மா. இடது கண்ணில் கிழிசல். அன்றைக்கே லேசர் வைத்தார். கிளம்பும்போது என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கிழிசலைச் சுத்தி ஒட்ட வெச்சிருக்கேன். நல்லாப் பிடிக்க ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க. இருக்கற புள்ளி மெல்லத்தான் குறையும், பயப்படாதீங்க. ஆனா புதுசா நிறையப் புள்ளி வந்தா, மின்னல் மாதிரி வெட்டறது கூடினா, ஓரத்துல திரை இறங்கற மாதிரி நிழல் தெரிஞ்சா, அன்னிக்கே வந்துடணும். வலிக்காது. வலிக்கலையேன்னு இருந்துடாதீங்க."

ஒரு வாரம் கழித்துக் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்றார். அந்த வார்த்தையே என்னை அசட்டையாக்கிவிட்டது.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், இடது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று மின்னல் வெட்டியது. பிறகு மிளகுத்தூளைத் தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வலியே இல்லை. மறுநாள் சரக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று குனிந்து வேலையைப் பார்த்தேன். எதிர் மேசையில் நின்ற தூத்துக்குடிக்காரி கவனித்துவிட்டாள்.

"என்னக்கா, ஒரு கண்ணப் பொத்திப் பொத்திப் பாக்குதிய?"

சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமையா? அன்னைக்கே வரணும்னு டாக்டரம்மா சொன்னாவன்னு நீங்கதானக்கா சொன்னிய?"

கையிலிருந்த பீஸைப் போட்டுவிட்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். அவர் வேகமாக வந்தார்.

"கெளம்புங்கக்கா. லோடு எப்படியோ போயிருமுங்க. கண்ணு போனா வருமுங்களா?"

கம்பெனி வேனிலேயே அனுப்பினார். துணைக்கு அவளையும்.

சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார் டாக்டரம்மா. தூத்துக்குடிக்காரி என் கையைப் பிடித்திருந்தாள்.

"பழைய இடம் நல்லாப் பிடிச்சிருக்கு. மேல புதுசா இன்னொரு கிழிசல். நல்லவேளை, உள்ளே தண்ணி இறங்கல. தள்ளிப் போட்டிருந்தா விழித்திரையே கழண்டு, ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும்."

மறுபடியும் லேசர். வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது. "அழாதீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். மருந்தில் விரிந்த கண்ணுக்கு வெயில் தாங்கவில்லை. தன் துப்பட்டாவை என் தலையில் போட்டு, வீடு வரைக்கும் கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

இப்போது டாக்டரம்மா சொன்ன தேதி ஒன்றையும் தவறவிடுவதில்லை. இரண்டு மூன்று புள்ளிகள் இன்னும் மிதக்கின்றன, பழகிவிட்டது. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சுவரைப் பார்க்கிறேன்.

"எப்படி இருக்குது?" என்று அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

"தெளிவா இருக்குதுங்க."