காவடிக்காரன் உண்ட மாக்கரோனி

இந்த வாரம் நான் நேரில் கண்டதையும், காதாரக் கேட்டதையும், கேட்டபின் மறுமுறை உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே எழுதப் போகிறேன். என் வழக்கமான மிகைப்படுத்தல்களுக்கு இன்று விடுமுறை. காரணம் எளியது. இந்த விவகாரத்தில் தொடர்புடையோர் மூவர்: என் மைத்துனன் குணா, ஓர் உணவு நிறுவனம், தண்ணீர்மலை முருகன். மூவருள் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாதவர் முருகன் ஒருவரே.

குணா பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். சென்ற ஆண்டு அவன் மகள் யாழினிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து நிலைமை மோசமானது. பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக மருத்துவமனை வாசலிலேயே வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். இப்போது அவள் வரும் நாள்களில் எங்கள் சோபா பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

ஆக, குணா விரதம் தொடங்கினான். விரதம் என்றால் புலால் இல்லை, மது இல்லை, மனைவியும் இல்லை. கடைசி விதியைப் பொறுத்தவரை அவனுக்குத் தன்மீதே நம்பிக்கை போதவில்லை. பாயும் தலையணையுமாகக் கெலுகோரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் வந்த மறுநாள் என் மனைவி ஈப்போவுக்குக் கிளம்பினாள். அங்கே எங்கள் மகளுக்குப் பிரசவம். வீட்டில் எஞ்சியோர் இருவர். எனக்குச் சமைக்கத் தெரியாது. குணாவுக்கு, தனக்குச் சமைக்கத் தெரியாது என்பதே தெரியாது. அவன் வைத்த ரசத்தை உண்டபின் நான் நேராகப் பேரங்காடிக்குப் போனேன்.

அங்கேதான் உறைபெட்டிக்குள் மாக்கரோனி சீஸைக் கண்டேன். புலால் இல்லை... முட்டை இல்லை... ஹலால் முத்திரை இருந்தது... மைக்ரோவேவில் வைத்தால் முடிந்தது வேலை! விரதக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மூன்று நிறுவனங்களின் பெட்டிகளை வாங்கி வந்தேன்.

முதலாவதில் விளிம்பு எரிமலையாகவும் நடுப்பகுதி பனிப்பாறையாகவும் இருந்தன. ஒரே கரண்டியில் நாக்கு வெந்தது, பல் கூசியது. இரண்டாவதன் நிறம், சாலைப் பணியாளர்கள் அணியும் மேலங்கியின் நிறம். சுவை, சுவரொட்டிப் பசையில் உப்புப் போட்டது போல. பசையை நான் சுவைத்ததில்லை. ஆதலால் இவ்வுவமையை மட்டும் உறுதி செய்யப்படாததாகக் கொள்க.

மூன்றாவதை இருவரும் வழித்து உண்டோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

"மச்சான், இதுல கொஞ்சம் சம்பால் போட்டா சொர்க்கம் லா!" என்று குணா அலமாரியிலிருந்து சம்பால் மிளகாய் விழுதுப் பாட்டிலை எடுத்தான். எடுத்தவன் திடுக்கிட்டான். சம்பாலில் பெலாச்சான் உண்டு. பெலாச்சான் என்பது இறால் விழுது. பாட்டிலை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். கரண்டியையும் மாற்றினான். கடைசியில் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினோம். மாக்கரோனி அன்றே தமிழ்க் குடியுரிமை பெற்றது. அதன்பின் எங்கள் இரவுணவு பெரும்பாலும் அதுதான்.

நாங்கள் எவ்வளவு எச்சரிக்கையானவர்கள் என்பதைக் கவனித்தீர்கள் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரவுணவுக்கு அமர்ந்திருந்தபோது குணாவின் மனைவி மாலதி, யாழினியை அழைத்துக்கொண்டு வந்தாள். மாலதி இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை.

"விரதம் இருந்து மெலிஞ்சு போயிருப்பாருன்னு பார்த்தா, கன்னம் ரெண்டும் உப்பிப் போய்க் கிடக்கு! என்னத்தண்ணே போடுறீங்க இவருக்கு?"

நான் பெருமையோடு பெட்டியைக் காட்டினேன்.

"சீஸா? பால் எப்படிண்ணே சீஸாகுது?"

"உறை ஊற்றுவார்கள்."

"எத ஊத்துவாங்க?"

நான் இலக்கியம் படித்தவன்.

"ஒரு என்சைம் ஊத்துவாங்க. சில சீஸுக்குக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிறது. சிலதுக்குப் பூஞ்சையில இருந்து. இதுல எது?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 'என்சைம்' என்று மட்டும் இருந்தது. யாருடைய வயிறு என்று இல்லை.

"ஹலால் முத்திரை இருக்கு லா!" என்றான் குணா.

"ஹலால்னா முறையா அறுத்தாங்கன்னு அர்த்தம். அறுக்கவே இல்லன்னு அர்த்தமில்ல."

குணா கரண்டியைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. "பொண்ணுக்காக எடுக்கிற காவடி மச்சான்... இதுல போயி மாடு..."

சோபாவில் குதித்துக்கொண்டிருந்த யாழினி நின்றாள். "அப்பா காவடி எடுக்கலன்னா, நானும் பால்குடம் எடுக்க முடியாதா?"



மறுநாள் காலை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். நல்லவேளை, ஒரு தமிழ்ப் பெண் எடுத்தாள்.

"ஹலால்தான் சார். நூறு விழுக்காடு."

"ஹலாலா என்று கேட்கவில்லை அம்மா. மாடா என்று கேட்கிறேன்."

"சீஸ் மாட்டுப் பால்ல இருந்துதான் சார் வருது."

"பால் சரி. நான் கேட்பது வயிற்றைப் பற்றி."

"அச்சச்சோ, வயிறு சரியில்லையா சார்? அது வேற டிபார்ட்மெண்ட். அவங்களே உங்களைக் கூப்பிடுவாங்க."

அன்று மாலை குணா தன் காவடிக் குழுவின் தலைவர் சிவா அண்ணனை அழைத்தான். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான். ஒரு கொலைகாரன் காவல் நிலையத்தில் சரணடையும் குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"டேய் குணா... பீட்சால போடுறதும் சீஸ்தானே?"

"ஆமாண்ணே."

"போன சனிக்கிழமை பஜனை முடிஞ்சு எல்லாரும் என்னடா சாப்பிட்டோம்?"

"வெஜிடேரியன் பீட்சாண்ணே."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"நீங்கதாண்ணே. எக்ஸ்ட்ரா சீஸ் வேற போடச் சொன்னீங்க."

மறுமுனையில் ஒரு செருமல்.

"சரி, சரி. தெரியாம தின்னது தெரியாமத்தான். நாளைக்குக் காலையில எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்கு வந்துருங்க. மன்னிப்புக் கேட்டுட்டு விரதத்தத் தொடருவோம். இனிமே ஒருத்தனும் சீஸப் பக்கத்துல சேர்க்கக்கூடாது, சொல்லிட்டேன்."

தனியாகச் செய்தால் பாவம். குழுத்தலைவரும் சேர்ந்து செய்திருந்தால் சிறு சறுக்கல். சமயத்தில் மட்டுமா இப்படி? எந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்...

ஆனால் குணாவுக்கு அந்த மன்னிப்பு முழுதாக இறங்கவில்லை. எஞ்சிய நாள்களெல்லாம் வெறும் சோறும் வாழைப்பழமுமாகக் கழித்தான். அவனுக்கு எதிரே அமர்ந்து மாக்கரோனி உண்ண எனக்கும் மனம் வரவில்லை. ஒருமுறை மட்டும் வந்தது. அவன் குளிக்கப் போயிருந்தான்.

தைப்பூசத்தன்று சாலையெங்கும் உடைந்த தேங்காய். 'வேல் வேல்' முழக்கத்துக்கிடையே குணா வெறுங்காலோடு காவடி சுமந்து நடந்தான். முன்னால் மஞ்சள் பாவாடையில் யாழினி, தலையில் பால்குடம், பக்கத்தில் மாலதி. தண்ணீர்மலை அடிவாரத்தில் படிகளைக் கண்டதும் குணா நின்றுவிட்டான். நான் ஓடிப் போனேன்.

"என்ன குணா, வலிக்கிறதா?"

"இல்ல மச்சான்." மூச்சு வாங்கினான். "அந்த என்சைம் மாட்டோடதா இருந்திருந்தா... முருகன் என்னை ஏற விடுவாரா?"

முன்னால் போன யாழினி திரும்பினாள். குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை இடுப்பில் வைத்தாள்.

"அப்பா! எனக்குக் கை வலிக்குது. வாங்க சீக்கிரம்!"

குணா ஏறினான். உச்சிவரை ஏறினான். பால்குடத்தை இறக்கி வைத்த யாழினி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அழுததை நான் பார்த்தேன். மாலதியும் பார்த்தாள், ஆகவே இச்செய்தி உறுதியானது.

'வேற டிபார்ட்மெண்ட்' இதை எழுதும்வரை என்னை அழைக்கவில்லை. அந்த என்சைம் கன்றிலிருந்து வந்ததா பூஞ்சையிலிருந்து வந்ததா என்பது இன்னும் தெரியவில்லை.