பொதுமக்கள் தரப்பில் ஒருவர்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயத்தில் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மாமியார் சண்டை, மேலதிகாரியின் குணம், கல்யாணத்துக்கு முன்னால் விரும்பியவன், எதுவும் பாக்கி இருக்காது. பார்வை சாலையில் இருந்தாக வேண்டும் என்பதால், பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துப் பேசும் சங்கடமும் அவர்களுக்கு இல்லை. அந்தப் பேட்டை முழுக்க டிரைவிங் அக்கா என்று அறியப்பட்ட அவள், எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். பதிலுக்குத் தன் வீட்டு விஷயத்தை அவள் சொன்னது ஒரே ஒருத்தரிடம்தான்.

அந்த ஒருத்தர், கல்லூரி மாணவர் உதவித்தொகை வாரியத்தின் செயலாளர். பெரிய பதவி, சுற்றிலும் ஆள் அம்பு, ஆனால் ரவுண்டானாவைக் கண்டால் மட்டும் கை கால் உதறும்.

"ஐயோ அக்கா, லாரி வருது, லாரி!"

"வரட்டும் மேடம். அவன் பாட்டுக்கு அவன் வருவான், நம்ம பாட்டுக்கு நாம போவோம். கண்ணை மட்டும் மூடிக்காதீங்க."

இப்படிச் சிரித்துச் சிரித்தே இருவருக்கும் ஒட்டிப்போயிற்று. செயலாளர் வரும்போது ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். முதல் கோப்பையை அக்காவுக்குத்தான் ஊற்றுவார்.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், "உங்க பொண்ணு என்ன படிக்கிறா?" என்று செயலாளர் கேட்டார். கேட்டவருடைய குரலில் இருந்த அக்கறையோ, சரக்கு ரயில் போய் முடியாமல் நீண்டுகொண்டே இருந்ததோ, அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

மகள் மருத்துவ ஆய்வகப் படிப்பு படிக்கிறாள். முதல் வருஷம் பாதியில் அப்பாவுக்கு வேலை போயிற்று. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையையே மூடிவிட்டார்கள். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டால், போன வருஷ வருமானத்தைத்தான் பார்ப்போம் என்றார்கள். போன வருஷம் அப்பா வேலையில் இருந்தாரே! கிடைக்கவில்லை. மகள் யாரிடமும் கேட்காமல் ஒரு பேக்கரியில் சேர்ந்தாள். விடியுமுன் போய் ரொட்டி அடுக்கிவிட்டு அப்படியே கல்லூரிக்கு ஓடுவாள். முதலில் எல்லோரும் மெச்சினார்கள். பிறகு ஒருநாள் ஆய்வகத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். அவளோடு சேர்ந்து ஒரு வரிசைக் குடுவைகளும் விழுந்து நொறுங்கின. அந்தப் பருவத் தேர்வு அத்தனையிலும் தோற்றாள். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட, தனக்கு அடுத்து வந்தவர்களோடு உட்கார்ந்து அதே பாடங்களை மறுபடி படித்தாள். சொந்தக்காரர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். "ஃபெயில் ஆனதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். செயலாளர் வண்டியைக் கிளப்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உதவித்தொகை விதிகளை மொத்தமா மாத்தி எழுதப் போறோம். குழுவுல பொதுமக்கள் தரப்புன்னு ஒரு இடம் இருக்கு. நீங்க வந்து உட்காரணும். இதை அப்படியே சொல்லணும். உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னாத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

வீட்டில் சொன்னபோது கணவன் சிரித்தார். அதற்குள் அவருக்கு வேறொரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. "உன் கார்ல உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அந்த ரூம்ல இருக்கான்னு கேட்டுக்கிட்டுப் போ."

"உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?" என்றாள் அவள்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "சும்மா தலையாட்டிட்டு வராதம்மா, பேசு" என்றாள். என்ன பேசப் போகிறாள் என்று மகள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதே உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. நல்லதுக்குத்தானே என்று அதைத் தள்ளிவிட்டாள்.

குழு கூடிய அறையில் குளிர் எலும்பைக் குத்தியது. நீள மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு பெயர்ப்பலகை. அவளுடையதில் பெயர் இல்லை, 'பொதுமக்கள் தரப்பு' என்று மட்டும் இருந்தது. எதிரே ஒரு கல்லூரி முதல்வர், பக்கத்தில் வங்கிக்காரர் ஒருவர், கணக்குத் துறை அதிகாரி ஒருவர். அவள் வெறுங்கையோடு போகவில்லை. அந்த நாட்களில் தன் காரில் ஏறிய ஒவ்வொருவரிடமும், "உதவித்தொகை விதி மாத்தறாங்களாம், என்ன சொல்லட்டும்?" என்று கேட்டுவைத்திருந்தாள். கியர் மாற்றத் தடுமாறிக்கொண்டே அவர்கள் சொன்னதையெல்லாம் மனசில் முடிந்துகொண்டு வந்து சொன்னாள். நடு வருஷத்தில் வேலை போனால் மறுபடி மனுப் போட வழி வேண்டும். பணம் பரீட்சைக்கு முன்னால் வர வேண்டும், முடிந்த பிறகு வந்து என்ன பிரயோஜனம்? எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு மகளின் கதையைச் சொன்னாள். முழுசாகச் சொன்னாள், குடுவைகள் உடைந்தது வரை, மறுபடி முதலிலிருந்து படித்தது வரை. கல்லூரி முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வங்கிக்காரர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "குறிச்சுக்கிட்டோம்மா" என்றார் கணக்கு அதிகாரி. செயலாளர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாலேயே சபாஷ் சொன்னார்.

செய்தித்தாளில் படம் வந்தது. 'கார் ஓட்டக் கற்பிக்கும் தாய், கல்வி விதி எழுதுகிறார்' என்று கீழே போட்டிருந்தார்கள். அதை வெட்டித் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்களை அதையே வாசிக்கச் சொன்னார் கணவன். "எழுத்து தெளிவாத் தெரியுதுங்களா? அது என் வீட்டுக்காரம்மா."

புதிய விதி வெளியான அன்று அவள் பயிற்சி மைதானத்தில் ஒரு கிழவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரியிலிருந்து நேராக அங்கே வந்தாள். கார்க் கதவைத் திறந்து, கிழவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் போனை நீட்டினாள்.

"படி."

இரண்டாம் வருஷத்திலிருந்து வாரத்துக்கு இத்தனை மணிநேரம் வேலை பார்க்கிற மாணவர்களுக்கே முழு உதவித்தொகை. மற்றவர்களுக்குப் பாதிதான். நடு வருஷத்து மனுவைப் பற்றி ஒரு வரி இல்லை. எதற்காக இந்த விதி என்று விளக்கும் இடத்தில், 'தம் மகள் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்குச் சென்றதைப் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் உருக்கமாக எடுத்துரைத்தார். உழைப்பும் படிப்பும் ஒன்றுக்கொன்று துணை என்பதைக் குழு உணர்ந்தது' என்று இருந்தது.

அவள் இரண்டாம் முறை படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, எதுவும் மண்டைக்குள் போகவில்லை.

"நான் இப்படிச் சொல்லலடி."

"என்னதான் சொன்னே?"

"முழுசாத்தான் சொன்னேன். நீ மயங்கி விழுந்தது, தோத்தது, எல்லாம்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகளின் முகம் ஒரு நொடியில் வெளுத்துவிட்டது.

"அதையும் சொல்லிட்டியா?" குரல் உயரவே இல்லை. "கிளாஸ்ல எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க. உங்கம்மாவாலதான் நாங்க வேலைக்கு ஓடணும்கறாங்க. அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். நீ எனக்குத் தெரியாமயே என்னைக் கொண்டுபோய் அங்க வெச்சிருக்கே."

கதவைச் சாத்தாமலே நடந்துவிட்டாள். கிழவர் மெல்ல, "நான் வேணா நாளைக்கு வரட்டுமா அக்கா?" என்றார். அவரே அவளைவிட இருபது வயது மூத்தவர்.

வாரிய அலுவலகத்துக்குப் போனவளைச் செயலாளர் உடனே உள்ளே விட்டார், டீயும் சொன்னார். அந்த உபசாரம்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"பாதியைப் போட்டுட்டுப் பாதியை வெட்டிட்டீங்களே மேடம்."

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா. பொண்ணு ஃபெயில் ஆனதெல்லாம் ஊருக்கே தெரியணுமா? சொந்த விஷயம்னு எடுத்துட்டோம்."

"அப்போ அவ ரொட்டி அடுக்கினது மட்டும் ஊர் விஷயமா?"

செயலாளர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு அவருக்கே அலுத்துப்போனது போலச் சொன்னார். "உங்ககிட்ட மறைக்க விரும்பல. முதல் கூட்டத்துக்கு முன்னாடியே இதெல்லாம் மேல முடிவாயிடுச்சு. மக்கள்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்னு சட்டம் இருக்கு. கேட்டோம்."

"அதுக்கு ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

"எனக்குத் தெரிஞ்சவங்க நீங்கதானே. நல்லாவும் பேசுவீங்க." நிஜமாகவே பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். "உங்க பொண்ணு பட்ட கஷ்டம் வீணாப் போகலக்கா. ஒரு விதியாவே ஆயிடுச்சு பாருங்க."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று அவள் ஆயிரம் தடவை மற்றவர்களைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அறுக்கிறவருக்குத் தான் அறுக்கிறோம் என்பதே தெரியாமல் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

விதி அமலுக்கு வருமுன் ஆட்சேபம் கேட்கும் கூட்டம் ஒன்று நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய்ச் சில நிமிடம் பேசலாம். மண்டபம் நிறைய மாணவர்கள். பின்வரிசையில் தோழிகளோடு மகளும் இருந்தாள். வீட்டில் சாப்பிட வா என்றால் மகள் வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அதோடு சரி.

டிரைவிங் அக்கா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தாள். மேடையில் இருந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா, நீங்க குழு உறுப்பினர். குழுவுல இருந்தவங்க ஆட்சேபம் சொல்ல முடியாது. இது பொதுமக்களுக்கான கூட்டம்."

"நான்தானே பொதுமக்கள்?"

மண்டபம் சிரித்தது. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மேடைக்காரர் கையசைக்க, மைக் செத்துப்போனது. கார் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு, மைக் தேவையே இல்லை. கதையின் மறுபாதியை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். மயங்கி விழுந்ததைச் சொன்னால் போதும், மண்டபமே அவள் பக்கம் திரும்பிவிடும். வாயைத் திறந்தவள் பின்வரிசையைப் பார்த்தாள். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை.

"நான் சொன்னதுல பாதியைத்தான் போட்டிருக்காங்க" என்றாள் உரக்க. "மீதிப் பாதி இந்த விதி தப்புன்னு சொல்லும். ஆனா அது என் கதை இல்ல. அதனால சொல்லமாட்டேன்."

"இப்பச் சொல்லி என்ன பிரயோஜனம்!" என்று ஒரு பையன் கத்தினான். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவள் கூச்சலுக்கு நடுவே நடந்து வெளியே வந்தாள். மகள் பின்னால் வருவாள் என்று படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

விதி அப்படியே அமலுக்கு வந்தது. மகள் ஒரு மருந்துக் கடையில் சாயந்தர வேலைக்குச் சேர்ந்தாள். மாதங்கள் போகப் போகப் பேச்சு பழையபடி வந்துவிட்டது, கேலிகூட வந்துவிட்டது. ஆனால் பரீட்சை பற்றியோ உடம்பு பற்றியோ அம்மாவிடம் எதுவும் சொல்வதில்லை. காய்ச்சல் வந்தால்கூட அப்பா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கணவன் கடையிலிருந்த படத்தைக் கிழித்துவிட்டார். செயலாளருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஒருமுறை சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து அவர் சந்தோஷமாகக் கையாட்டினார். பழக்க தோஷத்தில் அவள் கையும் உயர்ந்துவிட்டது. அதை நினைத்து அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு குளிர்பெட்டி மெக்கானிக் போன் செய்தார். அவருக்கும் கல்லூரியில் ஒரு மகன். விதிகளை மறுபடி திருத்துகிறார்களாம், அந்த நாற்காலிக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"போலாமாக்கா? நீங்க இருந்தவங்களாச்சே."

போகாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தாள். போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யார் உட்காருவார்கள் என்பதும் உடனே தோன்றியது.

"போங்க. ஆனா உங்க வீட்டுக் கதையை மட்டும் அங்க கொண்டுபோகாதீங்க."

"அதை விட்டா எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்றார் மெக்கானிக்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். மறுநாளும் அவர் கூப்பிட்டார். அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.