பல்லு வச்ச ரயில்

முதலில் என் பற்களில்தான் அதை உணர்ந்தேன். கல்லாறு நிலையம் வரைக்கும் எங்கள் பக்கத்து ரயிலைப் போலவே ஆடி அசைந்து வந்த வண்டி, அதைத் தாண்டியதும் ஒரு கணம் தயங்கியது. பிறகு அடியில் எதையோ "கடக் கடக்" என்று மென்றுகொண்டு மேலே ஏறத் தொடங்கியது. பலகை இருக்கையில் தொற்றிய அந்த அதிர்வு முதுகு வழியாக ஏறிவந்து என் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் தட்டவைத்தது. நிலக்கரிப் புகையும் எண்ணெய் வாடையும், அதுவரை நான் முகர்ந்தே அறியாத ஈரப்பாசியின் வாசனையும் ஒன்றாகச் சன்னலுக்குள் வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை.

நான் பிறந்தது திருப்புல்லாணிக்கு மேற்கே, நெல்லும் மிளகாயும் விளைகிற ஒரு சின்ன ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தரை தட்டு மாதிரி கிடக்கும். எங்களுக்கு மலை என்றால் கண்மாய்க் கரைதான். மழை பெய்தால் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்று யோசிக்கிற பூமி அது. அந்த மண்ணில் வளர்ந்த என்னையும் என் அம்மாவையும் ஒரு ரயில் மேகத்துக்குள் தூக்கிக்கொண்டு போனது.

என் அக்காவைக் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்கள் புதுக்குடித்தனம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவர அம்மா கிளம்ப, நானும் கூட ஒட்டிக்கொண்டேன். இராமநாதபுரத்தில் ஏறி, மதுரையிலும் கோயம்புத்தூரிலும் மாறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மச்சான் எங்களுக்காகக் காத்திருந்தார். அங்கே நின்ற ரயிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிகள் முன்னால் நிற்க, எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். சேற்றில் சிக்கிய வண்டியை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்களே, அந்த மாதிரி இந்த எஞ்சின் எங்களை மலை மேல் தள்ளிக்கொண்டு போகும் என்றார் மச்சான்.

வண்டி ஏற ஏற ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். முதல் பாலத்தில் அம்மா ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்தவள், "முருகா முருகா" என்ற முணுமுணுப்போடு குன்னூர் வரைக்கும் தலை நிமிரவே இல்லை. நான் அந்தச் சன்னலில் இருந்து இந்தச் சன்னலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். குகை வந்தால் கத்தினேன், அருவி வந்தால் கையை நீட்டினேன். பெட்டியின் முன் வாசலில் கொடியோடு நின்று பிரேக் பிடிக்கிற தடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எஞ்சின் தண்ணீர் குடிக்க ஓரிடத்தில் வண்டி நின்றது. மச்சான் என்னை இறக்கித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நடுவில் பார் என்றார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, கறுப்பு எண்ணெய் மினுங்க, மேலெல்லாம் பல் வைத்த இரும்புப் பட்டைகள் மலையேறிப் போய்க்கொண்டிருந்தன. பனைமட்டையின் ஓரத்தில் வாள் மாதிரி இருக்குமே "கருக்கு", அச்சாக அதே மாதிரி. எஞ்சினுக்கு அடியிலும் பல் வைத்த சக்கரம் இருக்கிறது, அந்தப் பல் இந்தப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் வண்டி ஏறுகிறது, இல்லாவிட்டால் இந்தச் சரிவில் சக்கரம் வழுக்கிவிடும் என்று மச்சான் சொன்னார். பட்டை ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம் இருந்தது. அது ஏன் அப்படி என்று கேட்பதற்குள் ஊதல் ஊதிவிட்டது.

குன்னூரிலிருந்து நாங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது அக்கா என் தலையைக் கோதிக்கொண்டே, அடுத்த வருஷம் பரீட்சை முடிந்ததும் வந்துவிடு, லீவு முழுக்க இங்கேயே இரு, வாரம் ஒரு தடவை ரயிலில் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றாள். இறங்கும்போது அம்மா ரயிலில் ஏறவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் பஸ்ஸில் வந்தோம். எனக்கு அதில் வருத்தமில்லை. அடுத்த வருஷம்தான் இருக்கிறதே.

ஊருக்கு வந்த அன்றே வினை தொடங்கியது. பார்த்ததை எல்லாம் பார்த்தபடியே சொன்னேன். எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும் என்றதை ஒருவாறு பொறுத்துக்கொண்டவர்கள், ரயிலுக்குப் பல் இருக்கிறது என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் எனக்குப் "பல்லு ரயில்" என்று பட்டம் கட்டினார்கள். தண்ணீர்க் குடத்தோடு நான் போனால், பின்னாலேயே பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வருவார்கள். எல்லாரையும் மிஞ்சினவர் அம்மாவின் அண்ணன், மண்டபத்தில் டீக்கடை வைத்திருந்த எங்கள் பெரிய மாமா. மாசத்துக்கு நாலு தடவை இராமேஸ்வரத்துக்கு ரயிலில் போய்வருகிறவர் என்பதால், ரயில் விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

"நம்ம பாம்பன் பாலத்துல கடலுக்கு மேல போகுது ரயிலு, அதுக்கே பல்லு கில்லு ஒண்ணையும் காணோம். உங்க மலையப் பாத்ததும் பல்லக் காட்டிருச்சாக்கும்" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தேன். அவள் என்ன செய்வாள்! "நான் எங்கிட்டுப் பாத்தேன் அண்ணே, குனிஞ்ச தல நிமிரல. கடகடன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றாள். கட்டை வண்டி போனாலும்தான் கடகடவென்று கேட்கும் என்று மாமா அதையும் தள்ளிவிட்டார். மச்சானைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். மாப்பிள்ளை புதுசு, மலையைப் பற்றிப் பெருமை அடிக்கத்தான் செய்வார் என்று பதில் வந்தது.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் நிலத்தை உழுது பிழைக்கிற, அதிர்ந்து பேசாத சம்சாரி. வாயில் வந்ததைச் சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிரு. அத்தோட விட்டுருவம், அடுத்த வருசம் அக்கா வீட்டுக்குப் போ. இல்ல, அப்படித்தான்னு நின்னேன்னா, இல்லாததச் சொல்ற பிள்ளைய இன்னொரு வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்" என்றார்.

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் ரயில் கிடைக்கும், உண்மை என்று நின்றால் ரயில் போகும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வருகிறது. "பல்லு இருக்கு அய்யா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் நுங்குக்குக் குறைவில்லை. நுங்கு தின்ற கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி ஓட்டுகிற "நுங்கு வண்டி" எங்கள் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாமே ஒரு பல்லு ரயில் செய்தால் என்ன?

இரண்டு கூடுகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றைக் கோத்து, மூன்றும் குச்சியோடு சேர்ந்து சுற்றும்படி ஆப்பு வைத்து இறுக்கினேன். நடுக்கூட்டைச் சுற்றிக் கருவேல முள்ளை வரிசையாக அடித்தேன். பல் சக்கரம் தயார். தண்டவாளப் பல்லுக்குப் பனைமட்டை இருக்கவே இருந்தது. கருக்கோரத்தை நாரோடு சீவி எடுத்து, ஒழுங்கில்லாமல் இருந்த பல்லை எல்லாம் அரிவாளால் வெட்டிச் சீர்படுத்தி, ஒரு பலகையின் நடுவில் கட்டினேன். முள் குத்தாத விரல் எனக்கு இல்லை. சமையல் நேரத்தில் அரிவாள் எங்கே போகிறது என்று அம்மா தேடிக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாயின் கரையில் பலகையைச் சரிவாகச் சாய்த்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டிக்குப் பின்னால் ஒரு செங்கல்லைக் கட்டிவிட்டு, குச்சியின் இரண்டு முனையையும் பிடித்துத் திருகினேன். சாண் தூரம் ஏறியது. அப்புறம் ஒரு முள் பள்ளத்தில் மாட்டாமல் தடுமாறி விட்டுவிட, வண்டி விசுக்கென்று வழுக்கி, முள்ளெல்லாம் ஒடிந்து, செங்கல்லோடு கண்மாய்க்குள் உருண்டது. "பல்லு கொட்டிப்போச்சு, ரயிலு கிழவியாப் போச்சு" என்று அத்தனை பிள்ளைகளும் குதித்தார்கள்.

நான் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பல் விடுகிற நேரத்தில் அடுத்த பல் கவ்வவில்லை, அதனால்தான் விழுந்தது. அப்படியானால் ஒன்று விடும்போது இன்னொன்று பிடித்திருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு பட்டை! ஒன்றில் பல், பக்கத்தில் பள்ளம்! மலையில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு எங்கள் கண்மாய்க் கரையில் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நான் இன்னொரு கருக்குப் பட்டையைப் பக்கத்தில் சேர்த்து, பல்லுக்கு நேரே பள்ளம் வருகிற மாதிரி நகர்த்திக் கட்டி, சக்கரத்திலும் இரண்டு வரிசை முள் மாற்றி மாற்றி அடித்திருந்தேன். அய்யாவையும் மாமாவையும் கரைக்கு வரச்சொன்னேன். ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்தார்கள்.

முதலில் முள் இல்லாத வண்டியை மாமா கையில் கொடுத்தேன். "மாமா, நீங்களே திருக்குங்க" என்றேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குந்தித் திருகினார். கூடுகள் பலகையில் வழுக்கி அங்கேயே சுற்றினவே தவிர, செங்கல்லை ஒரு விரற்கடை கூட இழுக்கவில்லை. பெரிய மீசையும் வியர்வையுமாக அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, என்னைக் கேலி செய்த பிள்ளைகளே இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு என் வண்டியை வைத்தேன். திருகினேன். ஒரு முள் கவ்வியது, அது விடுமுன் அடுத்தது கவ்வியது. "கடக் கடக்" என்று, மலையில் கேட்ட அதே சத்தம், நுங்குக் கூட்டிலிருந்து வந்தது. செங்கல் தரையை விட்டு எழும்பிப் பலகை மேல் ஏறி வந்தது. உச்சி வரைக்கும் நான் மூச்சே விடவில்லை.

மாமா நம்பாமல், இதில் என்ன வித்தை வைத்திருக்கிறாய் என்று நடுக்கூட்டைக் கப்பென்று பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே?" என்றார் அய்யா.

"கடிச்சிருச்சு மச்சான்" என்றார் மாமா. "பல்லு இருக்கத்தான் செய்யுது."

அய்யா குனிந்து அந்தப் பட்டைகளை வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நீ ஒரு தடவ கண்ணத் தொறந்து பாத்திருந்தா, பிள்ள கையில இம்புட்டு முள்ளு ஏறிருக்காதுல்ல" என்றார். பிறகு, பரீட்சை முடிந்ததும் அனுப்பிவைக்கிறோம் என்று குன்னூருக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

அடுத்த கோடையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரிய மாமாவேதான். கடையை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தார். தண்ணீருக்கு நின்ற இடத்தில் என்னை முந்திக்கொண்டு இறங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். ஊதல் ஊதியும் எழுந்திருக்க மனமில்லாமல், தடைக்காரர் அதட்டிய பிறகுதான் ஏறினார். குன்னூர் வரைக்கும் வெளியே ஒரு அருவியையும் அவர் பார்க்கவில்லை. காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, அடியில் மெல்லுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

விடுமுறை முடிந்து நான் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் மாமா மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை. டீக்கடையில் உட்கார்ந்து மலை ரயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போய்வந்து டீ குடிக்கிறவர்கள் விடுவார்களா? எங்கள் வல்லப் படகுக்கும் நேற்று நாலு கால் முளைத்திருக்கிறது, வந்து பாரும் என்று ஓட்டி எடுத்துவிட்டார்களாம்.

"ஏத்தா, ஒரு எட்டு மண்டபத்துக்கு வாரியா" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "அந்த வண்டியச் செஞ்சு காட்டணும். எனக்கு முள்ளு அடிக்க வரல."

போனேன். டீக்கடை வாசலில் பெஞ்சைச் சாய்த்து வைத்துச் செய்து காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிற எனக்கு, வாழ்க்கையில் நாலு பெரிய மனிதர்கள் நடுவில் நின்று ஒன்றை விளக்கிச் சொன்ன பெருமை உண்டென்றால் அது அன்றைக்குத்தான்.

மாமா காலமாகி வெகுநாளாகிறது. கரையில் இருந்த பனைகள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் ஓடிய சின்ன ரயில் பாதையைப் பெயர்த்து அகலப் பாதை போட்டுவிட்டார்கள். அந்தப் பழைய அகலத்தில் குன்னூர் மலையில் மட்டும் ரயில் இன்னும் ஏறுகிறது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிறது என்கிறார்கள். சத்தம் மாறியிருக்காது. போன மாதம் என் பேத்தி கைப்பேசியில் அதைப் போட்டுக் காட்டினாள். பல் பட்டை, பல் சக்கரம், எல்லாம் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். வீட்டில் பார்த்த யாரும் பொய் என்று சொல்லவில்லை. நல்லா இருக்கிறது என்றார்கள், அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே இல்லையென்று சொன்ன அந்தக் கோடையில், எங்கள் ஊரில் என் ஒருத்திக்காக மட்டுமே ஓடிய ரயில் அது.