எக்ஸ்ரேயில் தெரியாத பட்டன்

தம்பி மனைவி வேலைக்குத் திரும்பியதும், ஒன்பது மாதக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தையல்காரியான அவளுக்கு வந்தது. மெஷினை மிதித்தபடியே ஒரு கண் குழந்தைமேல் வைத்திருப்பாள்.

ஒரு நாள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று முகம் சிவக்க இருமியது; பிறகு அடங்கிவிட்டது. சட்டைக்கு எடுத்துவைத்த பட்டன்களில் ஒன்று குறைந்தது. எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் முதல் குழந்தையின் மூச்சு விசில் அடித்தது. "சளிதான், சரியாப் போயிடும்" என்று முந்திக்கொண்டு சொன்னவளும் அவள்தான். சொல்லிவிட்டு, மெஷினுக்கு அடியில் மறுபடியும் பட்டனைத் தேடினாள்.

நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கியபோது ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. மருந்து குடுத்துப் பார்ப்போம்," என்றார் டாக்டர்.

தம்பி பெருமூச்சு விட்டான். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"டாக்டர், என் பட்டன் ஒண்ணு காணோம்," என்றாள். "பிளாஸ்டிக் பட்டன். அன்னிக்கே எனக்குச் சந்தேகம்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"பிளாஸ்டிக் எக்ஸ்ரேல விழாதும்மா," என்ற டாக்டர் குழந்தையை உடனே உள்ளே கொண்டுபோனார். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, பட்டனை எடுத்தார். விசில் நின்றது.

"நீங்க சொன்னதாலதான் பிள்ளை பிழைச்சான், அண்ணி," என்று தம்பி மனைவி தூங்கும் குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா," என்றாள் அவள், குழந்தையை வாங்காமல். "நீயே வச்சுக்க."