அட்டை தொங்கும்போது பூட்டுவதில்லை

மாணவர் வேலையில் சம்பளம் கிடையாது. மேஸ்திரிகள் மட்டும் நிறைய. அதிலும் வளாகம் இரண்டு துண்டாகக் கிடக்கும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு, நான் படும் பாடு சொல்லாமலே விளங்கும்.

கேட்டுக்கு உள்ளே

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும் வாயை மூடாதவன் நான். தலை நரைத்த பிறகு எம்.ஏ. வரலாற்றில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பு மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கப் பகுதியில், வெள்ளைக்கார மேனேஜர் குடியிருந்த பங்களாவில். நூலகமோ ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், புதுக் கட்டடத்தில். நடுவே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடு மலைபோல்; சுற்றித்தான் போக வேண்டும்.

முதல் நாள் பங்களா கேட்டில் என் கால் தானாக நின்றுவிட்டது. சங்கக் கொடியோடு எத்தனையோ முறை நின்ற இடம், தாண்டியதே இல்லை. உள்ளே தேக்குக் கூரை, ஆளுயர ஜன்னல்கள். எங்கள் அப்பன்கள் தோண்டிய தங்கம் இவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். பின்னால் வந்த ரேவதி, ஸ்கெலட்டன் குடியிருப்புப் பெண், என் வகுப்புதான், சிரிக்காமல் கேட்டாள்: "இன்னா தலைவரே, கேட்லயே நின்னுட்டீங்க? இன்னிக்கு கோஷம் இல்ல, கிளாஸு."

நோட்டீஸ்

வகுப்பு முடிவது நாலரைக்கு. நூலகம் பூட்டுவது ஐந்துக்கு. பஸ் கிடையாது. மேட்டைச் சுற்றி மூச்சு வாங்கப் போனால் பூட்டுதான் வரவேற்கும். எங்களுக்கு வேண்டிய புத்தகங்களை வீட்டுக்கும் தர மாட்டார்கள். ரேவதிக்கு இது வெறும் அலைச்சல் இல்லை. கட்டுரை கொடுக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வு போனால், தன்னோடு விடிகாலை பெங்களூர் ரயிலில் கார்மெண்ட்ஸ் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

விடுவேனா? நோட்டீஸ் படித்தே எழுத்துக் கற்றவன். "உழைக்கும் மாணவ வர்க்கமே" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி வளாக இயக்குநர் மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா எழுதியிருக்கீங்க பெரியவரே. இதையே கட்டுரையா குடுங்க, மார்க் போடச் சொல்றேன்."

மறந்த அட்டை

நூலகத்துக்குள் போகிறவர் அடையாள அட்டையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்; வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். சுரங்கத்தில் பித்தளை டோக்கன் மாட்டிய அதே முறை. டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். அவன் ஏறி வரும்வரை ஷிப்ட் முடியாது.

ஒருநாள் காலை நூலகம் திறந்ததும் எட்டிப் பார்த்த ரேவதி, வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் அட்டையைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டாள். மாலையில் அதைக் கேட்டு வாங்கத் துணைக்கு நானும் போனேன், சண்டைக்கு வசனம் தயாரித்துக்கொண்டே. இருட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது. நூலகர் முனிரத்தினம் அலமாரி அலமாரியாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அவளைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. சின்ன வயதில் அம்மாவோடு சுரங்கத்தில் இறங்கும் ஷாப்ட் வாசலில், தொங்கும் ஒரு டோக்கனைப் பார்த்தபடி காத்திருந்தவராம். அதை எடுக்க அவர் அப்பா வரவே இல்லை. என் வசனத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் திட்டக்கூட இல்லை. "உள்ள ஆளு இருக்கும்போது எப்படிம்மா பூட்றது?"

பலகை நிறைய

ரேவதி மன்னிப்புக் கேட்டாள்; கட்டுரை விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள். இனி காலையில் சொல்லிவிட்டு மாட்டிப் போ, தேட மாட்டேன், மாலையில் நீ வரும்வரை பூட்டாமல் காத்திருப்பேன் என்றார் முனிரத்தினம். மறுநாள் காலை வகுப்பு மொத்தமும் அட்டையை மாட்டியது. மாலையில் நாங்கள் மேட்டைச் சுற்றிக் கூட்டமாக நடக்கும்போது, தூரத்தில் அந்த ஒற்றை விளக்கு எங்களுக்காக எரிவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ரேவதி கட்டுரை கொடுத்தாள், தேர்வும் எழுதினாள். அப்பா இப்போது ரயில் பேச்சை எடுப்பதில்லை. ஒரு மாலை இயக்குநரே வந்து, ஏன் இன்னும் பூட்டவில்லை என்று கேட்டார். முனிரத்தினம் பலகையைக் காட்டினார். "ஷிப்ட்டு இன்னும் மேல வரல சார்."

காலமெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று கத்தி நான் திறக்காத கதவை ஒரு பெண்ணின் மறதி திறந்துவிட்டது. இது என் பழைய சங்கத்தாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.